டயர் பதிந்த கட்டை

அத்தியாயம் பதினாறு

பானுமதி போனில் பேசியது கருப்பண்ணன் காதில் விழுந்துவிட்டது என்று உங்களுக்குத் தெரியும். பானுமதிக்கும் தெரியும். தெரியாததுபோல் நடந்துகொள்கிறவன் அவன் ஒருத்தன்தான்.

தம்பி யுவராஜிடம்தான் அவள் பேசிக்கொண்டிருந்தாள். காருக்குச் சேலத்தில் கை லீவர் பொருத்தியாயிற்று, மாமா இனிமேல் தானாகவே ஓட்டிக்கொள்வார் என்று அவன் சந்தோஷமாகச் சொன்னான். அதற்கு இவள், "அட போடா, நானில்லாட்டி அந்த மனுசன் வாசப்படி தாண்ட மாட்டாரு" என்றாள். பெருமையாகச் சொன்னாளா, அலுத்துப்போய்ச் சொன்னாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கதவுக்கு அந்தப் பக்கம் ஊன்றுகோல் தரையில் பட்டது. பிறகு அந்தச் சத்தம் மெதுவாக விலகிப் போயிற்று.

அன்றிலிருந்து மலைமேல் வளப்பூர் நாட்டில் அந்த ஒரு வீட்டில் மட்டும் பேச்சுக்குப் பஞ்சம். சோற்றுக்கும் காப்பிக்கும் தேவைப்படுவதற்கு மேல் ஒரு வார்த்தை அவன் செலவழிக்கவில்லை. திட்டியிருந்தால் இவளும் திருப்பித் திட்டி, அழுது, அன்றைக்கே முடிந்துபோயிருக்கும். திட்டாத புருசனை வைத்துக்கொண்டு ஒரு பொம்பளை என்னதான் செய்வாள்?

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருப்பண்ணன் பல வருஷம் வேன் ஓட்டியவன். மலையிலிருந்து அன்னாசியும் பலாவும் மிளகும் ஏற்றிக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்குவான். கூடப் போன கிளீனர் வேறு யாருமில்லை, பானுமதிதான். முந்தின வருஷம் மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் சாய்த்த ஏணி சறுக்கி விழுந்தான். உடைந்த இடுப்பு கூடிவிட்டது. வலது கால் மட்டும் அவன் பேச்சைக் கேட்காமல் போய்விட்டது. வேன் கைமாறியது. வீட்டில் உட்கார்ந்த மனுசன், வலது கால் இல்லாமலே ஓட்டுகிற மாதிரி ஒரு பழைய சின்னக் காரை மாற்றி வாங்கித் தரும்படி ஒற்றைக்காலில் நின்றான். அந்தக் கார் நேற்று சேலத்திலிருந்து மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு வந்து சேர்ந்துவிட்டது.

காரை மலை ஏற்றுவதற்குத் தோதாக டியூன் பண்ணுவது இன்றைய வேலை. பானுமதிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஏனுங்க, அன்னைக்கு நான் மனசறிஞ்சு அப்படிச் சொல்லலைங்க. இதை எப்படியாவது இன்று அவனிடம் சொல்லிவிட வேண்டும். முதல் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதே அதை வாய்க்குள் உருட்டிக்கொண்டுதான் கிளம்பினாள்.

கிளம்பும்போது கதவுக்குப் பின்னால் கிடந்த பலாக்கட்டையைக் கழுவித் துடைத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டாள். வண்டி ஏற்றத்தில் நின்றால் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிற கட்டை அது. கல்யாணமான வருஷம் அவனே செதுக்கியது, தூக்குவதற்கு ஒரு கயிறும் கட்டியது. வேன் போனாலும் கட்டை வீட்டில் தங்கிவிட்டது.

பஸ் வந்தது. வழக்கமாக அவள் தோளைப் பிடித்துத்தான் அவன் படி ஏறுவான். தோளைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் அதைத் தாண்டிக் கண்டக்டரிடம் கையை நீட்டினான். கண்டக்டர் தூக்கிவிட்டான். பானுமதி ஊன்றுகோலை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினாள்.

மலை இறங்கி முடியும்வரை அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். அவள் பையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

*

அஷ்பாக்கின் ஒர்க் ஷாப் காரவள்ளியில் ரோட்டை ஒட்டியே இருக்கிறது. நாலு தகரம், ஒரு புளியமரம். போய்ச் சேரும்போதே அவன் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நின்றான். நாளைக்குத் தங்கை மர்யமுக்கு நிக்காஹ். அதன்பின் கடை ஒரு வாரம் திறக்காது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, பிரியாணி அண்டா எத்தனை வரும், எப்போது வரும் என்று யாரிடமோ கேட்டபடியே காரின் பானெட்டைத் தூக்கினான்.

நல்லவன் அஷ்பாக். கைச்சுத்தக்காரன். ஆனால் தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்ளாமல் ஒரு நட்டைக்கூடத் திருக மாட்டான்.

காருக்குள் ஸ்டியரிங்குக்கு வலது பக்கத்தில் ஒரு லீவர் நின்றது. அதை முன்னால் தள்ளினால் பிரேக், பின்னால் இழுத்தால் ஆக்ஸிலேட்டர். கிளட்ச்சை நல்ல காலால் மிதித்துக்கொள்ளலாம். இடது கையால் ஸ்டியரிங்கைச் சுற்ற ஏதுவாக அதன்மேல் ஒரு குமிழ் பொருத்தியிருந்தார்கள்.

சமதரையில் இதில் ஒரு சிக்கலும் கிடையாது. ஏற்றத்தில் நின்று எடுக்கும்போதுதான் கவனம் வேண்டும் என்று அஷ்பாக் விளக்கினான். ஒரே லீவர் என்பதால் பிரேக்கை விட்டால்தான் ஆக்ஸிலேட்டரை இழுக்க முடியும். அந்த நடு நேரத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ள வேண்டியது ஹேண்ட் பிரேக். அது மட்டும் கெட்டியாக இருந்துவிட்டால் அண்ணன் தூங்கிக்கொண்டே மலை ஏறலாம் என்றான்.

"தூங்காம ஏறுனாப் போதும் அஷ்பாக்கு" என்றான் கருப்பண்ணன். சிரித்தான். பானுமதி அவன் பல்லைப் பார்த்தே நாளாகியிருந்தது.

வேலை தொடங்கியது. இன்ஜின் சும்மா நிற்கும்போதே திக்கியது. கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவினான். பிளக்கை மாற்றினான். அதற்குள் கல்யாணப் பந்தல்காரன் வந்து ஒரு சண்டை போட்டுவிட்டுப் போனான். பால் வேன் ஒன்று வந்து நின்று, பத்து நிமிஷத்தில் சரிபண்ணித் தரச்சொல்லி ஒரு மணி நேரத்தைத் தின்றது. கடைசியில் பார்த்தால் லீவரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் கேபிள் தொளதொளத்துக் கிடந்தது. லீவரை இழுத்து, ஒரு மூச்சு விட்ட பிறகுதான் இன்ஜினுக்குச் சேதி போகிறது. கொண்டை ஊசியில் இது ஆகாது, புதுக் கேபிள் வேண்டும் என்றான்.

நாமக்கல் கடைக்குப் போன் போட்டார்கள். இந்தப் பக்கத்தில் சாமான் வருவதெல்லாம் பஸ்ஸில்தான். கடைக்காரர் டிரைவரிடம் கொடுத்தனுப்புவார், நாம் ஸ்டாப்பில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். நிற்பதற்கு ஆள்? வேறு யார், பானுமதிதான்.

வெயிலில் நின்றாள். பஸ் வந்தது, ஆட்களை இறக்கியது, கேபிளை மறந்துவிட்டு நகர்ந்தது. இவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடி, தகரத்தில் அடித்து நிறுத்தி, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்தாள். பிரித்துப் பார்த்தால் ஒரு முழம் குட்டை. மறுபடி போன், மறுபடி ஸ்டாப், மறுபடி வெயில்.

இரண்டாவது பொட்டலத்தோடு திரும்பும்போது ஒர்க் ஷாப்பில் கருப்பண்ணன் பெரிதாகச் சிரிக்கிற சத்தம் ரோட்டுக்கே கேட்டது. பழைய வேன் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். மழையில் பலாப்பழம் உருண்ட கதை. அந்தக் கதையில் மழையில் இறங்கிப் பழம் பொறுக்கியவளே பானுமதிதான். அவள் புளியமர நிழலுக்குள் காலை வைத்ததும் சிரிப்பு நின்றது. கேபிளை நீட்டினாள். அஷ்பாக்தான் வாங்கிக்கொண்டான்.

அப்போது மகள் அருள்மொழி போன் செய்தாள். கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருக்கிறாள். சாப்பிட்டாயா, வெயிலா என்று எல்லாம் கேட்டுவிட்டுக் கேட்டாள்.

"ஏம்மா, அப்பா இன்னைக்குத் தனியாத்தான் மலை ஏத்தறாராமா? உன்னைய பஸ்ஸுல வரச் சொல்லிட்டாராமா? காலைல போன் பண்ணிச் சொன்னாரு."

காலையில் பானுமதி ஆட்டுக்குத் தழை போடப் போயிருந்தபோது அவன் பேசியிருக்கிறான். கோயம்புத்தூருக்குத் தெரிந்திருக்கிறது, கூடவே பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவளுக்குத் தெரியவில்லை.

"ஆமாஞ் சாமி" என்றாள். "ரெண்டு பேரும் பேசித்தான் முடிவு பண்ணுனோம்."

பொய் சொன்ன வாயைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு, டிபன் பாக்ஸைத் திறந்தாள். புளிச்சோறு. அவன் அஷ்பாக்கோடு பேசிக்கொண்டே சாப்பிட்டான். அவள் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டாள். சொல்ல வேண்டிய வாக்கியம் சோற்றோடு சேர்ந்து உள்ளே போயிற்று.

*

மத்தியானம் தாண்டித்தான் கார் ஒழுங்காகச் சத்தம் போட்டது. சோதனை ஓட்டம் பார்க்க மூவரும் ஏறினார்கள். கருப்பண்ணன் ஸ்டியரிங்கில், பக்கத்தில் அஷ்பாக், பின்சீட்டில் பானுமதி, அவள் காலடியில் கட்டை.

அவன் லீவரை இழுத்ததும் கார் பணிவாக நகர்ந்தது. பின்னாலிருந்து பானுமதி அவன் கழுத்தைப் பார்த்தாள். வேன் ஓட்டிய நாளில் எப்படி நிமிர்ந்திருக்குமோ அப்படி நிமிர்ந்திருந்தது. அவளுக்குக் கண் கலங்கியது. சந்தோஷம்தான். அதில் தனக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் தெரியவில்லை.

முதல் வளைவுக்கு ஏறும் சரிவில் நிறுத்தச் சொன்னான் அஷ்பாக். கார் நின்றது. ஹேண்ட் பிரேக்கைப் போடுங்க என்றான். போட்டான். அந்த நேரம் பார்த்து அஷ்பாக்கின் போன் அடித்தது. அண்டா வந்துவிட்டது, மூடி வரவில்லை.

வண்டி ஏற்றத்தில் நின்றதும் பானுமதியின் கை தானாகக் கதவைத் திறந்தது, கால் தானாக இறங்கியது. இத்தனை வருஷப் பழக்கம், யாரையும் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. குனிந்து பின்சக்கரத்துக்குக் கட்டையை வைத்தாள். முன்னால் ஒருத்தன் மூடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். இன்னொருத்தன் லீவரில் வைத்த கண்ணை எடுக்கவில்லை. கிளீனர் இறங்கியதை யார் கவனிப்பார்கள்?

"இப்ப லீவரை உடுங்கண்ணா" என்றான் அஷ்பாக்.

விட்டான். கார் லேசாகப் பின்னால் உட்கார்ந்தது. அவ்வளவுதான், நின்றுவிட்டது.

உட்கார்ந்த மாதிரி இருந்ததே என்று கருப்பண்ணன் கேட்டதற்கு, அது ஸ்பிரிங் தளர்ந்து உட்காருவது, பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, "ஹேண்ட் பிரேக் பாறை மாதிரி நிக்குதுங்கண்ணா. இனி உங்களுக்கு யாரும் வேண்டாம்" என்று முடித்தான் அஷ்பாக்.

கார் எடுத்தது. சக்கரம் கட்டையை விட்டு முன்னால் போனது. பானுமதி கட்டையைக் கயிற்றில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். மலை ரோட்டில் அதுதான் முறை. ஏற்றத்திலிருந்து எடுத்த வண்டி நடுவில் நிற்காது, வளைவு தாண்டி மட்டமான இடத்தில் போய் நிற்கும். கட்டை வைத்தவர் நடந்து போய் ஏறிக்கொள்ள வேண்டும். வேன் காலத்தில் எத்தனை வளைவு, எத்தனை நடை. ஒரு நாளும் அவன் காத்திருக்காமல் போனதில்லை. ஒரு ஹாரன் அடித்து, வா என்பான்.

இன்றும் பழக்கத்தில் மட்டத்தில் கார் நின்றிருந்தது. ஏறிக்கொண்டாள். மூன்று பேரில் ஒருத்தருக்கும் அந்தக் கட்டையைப் பற்றி நினைப்பே வரவில்லை. நான் மட்டும் ஏன் இத்தனை தூரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று உங்களுக்கு விளங்கியிருக்கும்.

*

வெயில் சாய ஆரம்பித்தபோது அஷ்பாக் டீ வரவழைத்தான். கருப்பண்ணன் டீயைக் குடித்துவிட்டுக் காரில் ஏறி உட்கார்ந்து, ஊன்றுகோலைப் பக்கத்து முன்சீட்டில் கிடத்தினான். அவள் உட்கார வேண்டிய சீட்டு அது.

"நீ பஸ்ஸுல வா" என்றான். அவளைப் பார்க்கவில்லை. "நான் ஓட்டிக்கிட்டுப் போயர்றேன்."

அவள் பின்சீட்டிலிருந்த பையை எடுக்கக் குனிந்தாள். அதற்குள் அவனே திரும்பிக் கையை நீட்டி, தரையில் கிடந்த கட்டையைக் கயிற்றோடு தூக்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தான்.

"இதையும் கொண்டுபோ. ஊட்டுக் கதவு காத்துல அடிச்சுக்குதில்ல, அதுக்கு அண்டை வெச்சுக்க."

இந்த இடத்தில் அவள் சொல்லியிருக்கலாம். அஷ்பாக் தள்ளித்தான் நின்றான். கார் கண்ணாடி இறங்கித்தான் இருந்தது. ஏனுங்க என்று வாயெடுத்தாள். அவன் லீவரை இழுத்துவிட்டான்.

முதல் திருப்பத்தில் ஹாரன் கேட்டது. சின்னதாக இரண்டு தடவை, அவன் வழக்கமாக அடிக்கிற மாதிரி. அண்ணன் பழையபடி ஆகிவிட்டார் என்று அஷ்பாக் சந்தோஷப்பட்டான். நிக்காஹுக்குக் கட்டாயம் வரவேண்டும், அம்மா அலிமா பீவி ரொம்பச் சொல்லச் சொன்னார்கள் என்றான். வாரேங்க என்று சொல்லிவிட்டு ஸ்டாப்புக்கு நடந்தாள்.

அங்கே நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. கல்யாணமான பிறகு அவள் தனியாக இந்த மலை ஏறுவது இதுதான் முதல் தடவை. அவனை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோதுகூட அவனோடு சேர்ந்துதான் இறங்கினாள், சேர்ந்துதான் ஏறினாள். அவனுக்குக் கால் போனதும் தனக்கு அவன் இல்லாமல் போகும் நாள் வராது என்று எங்கோ ஒரு மூலையில் நிம்மதியாக இருந்திருக்கிறாள். இதைத்தான் அன்று போனில் சொன்னாள். அவன் அவமானப்பட்டதில் என்ன தப்பு?

*

பஸ் வந்தது. கூட்டமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். எழுபது கொண்டை ஊசி வளைவும் அவளுக்கு மனப்பாடம். எந்த வளைவில் வேன் முக்கும், எதில் குரங்கு உட்கார்ந்திருக்கும், எதில் இறங்கிக் கட்டை போட வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். இன்று எதிலும் இறங்க வேண்டியதில்லை. டிக்கெட் வாங்கியாயிற்று, உட்கார்ந்து வந்தால் போதும்.

பையிலிருந்த கட்டை தொடையில் குத்தியது. வெளியே எடுத்து, சரிவான பக்கம் மேலே இருக்கும்படி மடியில் வைத்தாள்.

வைத்தவள் அப்படியே இருந்துவிட்டாள்.

கட்டையின் சரிவில் டயர் பதிந்திருந்தது. செம்மண்ணோடு ஒவ்வொரு பல்லும் அச்சாக விழுந்திருந்தது. கழுவித் துடைத்து எடுத்துவந்த கட்டை. இன்று அதை வைத்தது ஒரே ஒரு இடத்தில்தான்.

பக்கத்தில் சும்மா சாய்த்து வைத்த கட்டையில் இப்படிப் பதியாது. வண்டியின் கனம் முழுக்க ஏறி உட்கார்ந்தால்தான் பதியும். வேன் காலத்தில் அவள் பார்க்காத அச்சா? ஸ்பிரிங் உட்கார்ந்தது என்றான் அஷ்பாக். உட்கார்ந்தது ஸ்பிரிங் இல்லை, கார்தான், இந்தக் கட்டையின் மேல். ஹேண்ட் பிரேக் பிடிக்கவே இல்லை. பாறை மாதிரி நின்றது இந்தப் பலாக்கட்டை. அதை மடியில் வைத்துக்கொண்டு இவள் பஸ்ஸில் போகிறாள், அவன் தனியாக மேலே போகிறான்.

போனை எடுத்து அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. இரண்டு கையிலும் வேலை இருக்கிறவன் எப்படி எடுப்பான்? அடுத்த வளைவில் டவர் போய்விட்டது. போனைப் பைக்குள் போட்டாள்.

டிரைவரிடம் போய்க் கொஞ்சம் வேகமாகப் போகச் சொன்னாள். இதுக்கு மேல வேகமாப் போனா வானத்துக்குத்தான் போகணும் அக்கா என்றான் அவன். அவள் சீட்டுக்குத் திரும்பாமல் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு வளைவு திரும்பும்போதும் கார் கண்ணில் படாமலிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் ஆபத்தில்லை. எங்கேயும் நிற்க வைத்துவிடாதே அறப்பளீஸ்வரா, அவரு பாட்டுக்கு ஊடு போய்ச் சேரட்டும்.

பாதி மலை தாண்டி, ஒரு செங்குத்தான வளைவில், கார் நின்றிருந்தது.

வளைவின் சரியான நடு ஏற்றம். மேலிருந்து வந்த டூரிஸ்ட் வேன் ஒன்று அகலமாகத் திரும்பி அவனை நிறுத்தவைத்துவிட்டுப் போயிருக்கிறது. வண்டி பின்னால் உருளவில்லை. ஆனால் பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்ததும் பானுமதிக்குப் புரிந்துவிட்டது. அவன் கை லீவரைத் தள்ளிப் பிடித்தபடியே இருக்கிறது. விட்டால் போயிற்று.

பஸ் நிற்பதற்குள் கட்டையோடு குதித்தாள். எதிரே பைக்கில் இறங்கிக்கொண்டிருந்த ஒருவன் அவளிடம், ரொம்ப நேரமா அப்படியே நிக்கறாருங்க, கல்லு வைக்கட்டான்னு கேட்டா வேண்டாங்கறாருங்க என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஓடிப்போய்க் குனிந்து பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையைத் திணித்தாள். கையால் இரண்டு தட்டுத் தட்டினாள். கண்டக்டர் படியிலிருந்து, ஏறிக்கிறீங்களா அக்கா, நேரமாச்சு என்று கேட்டான். போகச்சொல்லிக் கையைக் காட்டினாள். பஸ் காரைச் சுற்றிக்கொண்டு மேலே போயிற்று. பையும் போனும் அதன் சீட்டிலேயே போயின. அது அவளுக்கு அப்போது நினைப்பில்லை.

ஜன்னலுக்கு வந்தாள். ஹேண்ட் பிரேக் மேலே ஏறுகிற மட்டும் ஏற்றி இழுக்கப்பட்டிருந்தது. அவன் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. லீவரைப் பிடித்த கை தோளிலிருந்தே நடுங்கியது.

"கட்டை வெச்சாச்சுங்க" என்றாள். "கையை உடுங்க."

அவன் விடவில்லை. எதிரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தான்.

"உடுங்க. நான் இருக்கறேன்."

மெதுவாக விட்டான். கார் கட்டையில் போய் உட்கார்ந்தது. அவன் கையை மடியில் போட்டு மற்றக் கையால் பிடித்துக்கொண்டான். நடுக்கம் நிற்கவில்லை. அந்தக் கையைத் தொட வேண்டும் என்று அவளுக்கு அடித்துக்கொண்டது. தொடவில்லை. காலையிலிருந்து உருட்டிவந்த வாக்கியத்தைத்தான் எடுத்தாள். எடுக்கிற நேரமா அது? ஆனால் நாள் முழுக்க வாய்க்காத ஆள் இப்போதுதான் ஒரு முழ தூரத்தில் இருக்கிறான்.

"ஏனுங்க, அன்னைக்கு யுவராஜ்கிட்ட நான் சொன்னது... மனசறிஞ்சு சொல்லலைங்க."

அவன் அப்போதுதான் அவளைப் பார்த்தான். கோபமாக இருந்தால் தாங்கியிருப்பாள். கோபமே இல்லை.

"அன்னைக்கு வாயில சொன்னே" என்றான். "இன்னைக்குச் செஞ்சே காட்டிட்ட."

சாவியைத் திருப்பினான். இன்ஜின் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது, அஷ்பாக்கைக் குறை சொல்வதற்கில்லை. லீவரை இழுத்தான். சக்கரம் கட்டையை விட்டு ஏறியது. கார் வளைவு திரும்பி மறைந்தது.

பானுமதி குனிந்து கட்டையை எடுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். என்ன கோபமிருந்தாலும் முறை முறைதான். வளைவு தாண்டினால் ஒரு மட்டமான இடம், ஒரு பெரிய நாவல் மரம். வேன் காலத்தில் அங்கேதான் அவன் நிற்பான். ஒரு ஹாரன் அடித்து, வா என்பான். இன்று ஏறி உட்கார்ந்ததும் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டே திரும்பினாள்.

நாவல் மரம் இருந்தது. கார் இல்லை.

ரோட்டின் அந்தப் பக்கம்கூடப் போய்ப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பஸ் இல்லை, போன் இல்லை, மேலேயும் கீழேயும் காடு. மடிந்து மடிந்து போகிற ரோட்டில் எங்கோ மேலே இரண்டு ஹாரன் கேட்டது. சின்னதாக, இரண்டு தடவை. போகிறான். அவள் இங்கே நிற்கிறாள் என்று தெரிந்தேதான் போகிறான்.

கல்லின்மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கேட்க ஆளில்லாத இடத்தில் அழுவதில் ஒரு வசதி, யாருக்காகவும் நிறுத்த வேண்டியதில்லை. இந்த மலையில் எல்லாருக்கும் ஒரு வேலை இருக்கிறது. தனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை, கட்டை வைக்கிறது. அதுவும் வேண்டாமென்று ஒருத்தன் போய்விட்டான் என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அழுகைக்கு நடுவிலும் காது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அடுத்த வளைவு, இரண்டு ஹாரன். அதற்கடுத்தது, இரண்டு ஹாரன். ஒவ்வொன்றும் முந்தினதைவிடத் தூரத்தில் கேட்டது. மனப்பாடமான ரோடு என்பதால் எந்த இடத்தில் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. இப்போது பாறைத் திருப்பம். இரண்டு ஹாரன். இனி அடுத்தது இன்னொரு செங்குத்து வளைவு.

காத்திருந்தாள்.

ஹாரன் கேட்கவில்லை.

அழுகையை அடக்கி, மூச்சை அடக்கி, எழுந்து நின்று கேட்டாள். காற்று வந்து நாவல் இலையை அசைத்துவிட்டுப் போயிற்று. இன்ஜின் சத்தம்கூட இல்லை. செங்குத்து வளைவில் ஹாரன் அடிக்காமல் போகிறவன் இல்லை அவன். அங்கே நின்றிருக்கிறான். மனம் மாறி அவளுக்காக நிற்கிறானா, இல்லை மறுபடி எதுவோ குறுக்கே வந்து, அந்த நடுங்குகிற கையில் லீவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானா?

எதுவானாலும் கட்டை அவளிடம்தான் இருக்கிறது.

சேலையைத் தூக்கிச் செருகினாள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு ஏற்றத்தில் ஓட ஆரம்பித்தாள். அங்கே கேட்காது என்று தெரிந்தும் மேலே பார்த்துக் கத்தினாள்.

"பிரேக்கை உட்றாதீங்க. நான் வாரேன்."